தாய்ப்பாலுக்கு வங்கி கண்ட டாக்டர்

"நான் சயான் ஆஸ்பத்திரியில் பிறந்தவன்" என்று சொல்லிக்கொள்ளும் தமிழர்கள் மும்பையில் ஏராளம். தாராவி, கோலிவாடா, ஆன்டாப் ஹில், செம்பூர் என்று எந்தப் பக்கம் குடியிருந்தாலும், நள்ளிரவில் வீட்டுப் பெண்ணுக்கு வலி எடுத்துவிட்டால் டாக்சிக்காரரிடம் சொல்லும் பெயர் சயான்தான். பெரிய ஆஸ்பத்திரி. எந்த நேரமும் டாக்டர் இருப்பார். கையில் பணம் இல்லை என்று வாசலிலேயே திருப்பி அனுப்ப மாட்டார்கள். நெல்லை, தூத்துக்குடிப் பக்கத்தில் இருந்து தோல் ஷாப்புகளில் வேலைக்கு வந்த குடும்பங்களுக்கு இரண்டு, மூன்று தலைமுறையாக இது சொந்த ஊர் ஆஸ்பத்திரி போல ஆகிவிட்டது.

இந்த ஆஸ்பத்திரிக்கு உலக மருத்துவ வரலாற்றில் ஒரு தனி இடம் உண்டு. ஆசியாவிலேயே முதல் தாய்ப்பால் வங்கி இங்கேதான் 1989-ம் ஆண்டு நவம்பர் 27-ந் தேதி தொடங்கப்பட்டது. அதைத் தொடங்கியவர் டாக்டர் ஆர்மிடா பெர்னாண்டஸ். பச்சிளங்குழந்தை மருத்துவ நிபுணர். இங்கே பேராசிரியராகவும், பிரிவின் தலைவராகவும் இருந்து, பிறகு ஆஸ்பத்திரிக்கும் மருத்துவக் கல்லூரிக்கும் டீனாக உயர்ந்தவர்.

பணக்காரர் ஆஸ்பத்திரியில் இப்படி ஒரு காரியம் நடந்திருந்தால் அதில் பெரிய ஆச்சரியம் இல்லை. மாநகராட்சி ஆஸ்பத்திரியில், ஒரு கட்டிலுக்கு இரண்டு நோயாளி படுக்கும் இடத்தில் நடந்ததுதான் விஷயம்.

பட்டாளக் கொட்டகையில் பிறந்தது

சயான் ஆஸ்பத்திரி என்று நாம் சொல்வதன் முழுப்பெயர் லோகமான்ய திலக் மாநகராட்சிப் பொது ஆஸ்பத்திரி. 1947-ல், யுத்த காலத்துப் பட்டாளக் கொட்டகைகளில் 50 படுக்கைகளுடன் தொடங்கியது. 1964-ல் மருத்துவக் கல்லூரி வந்தது. இன்று படுக்கைகள் ஆயிரத்துக்கு மேல். மத்திய ரெயில்வே தடத்தில் தவறி விழுந்து அடிபட்டவர்களில் பலர் வந்து சேருவதும் இங்கேதான்.

கல்லூரி இணைந்த ஆஸ்பத்திரியில் படுத்தவர்களுக்கு ஒரு காட்சி பழக்கமானது. காலை ரவுண்டு நேரம். பெரிய டாக்டர் முன்னால் வருவார். பின்னால் பத்துப் பன்னிரண்டு மாணவர்கள் வெள்ளைக் கோட்டுடன் நிற்பார்கள். ஒருவர் பேப்பரைப் பார்த்து இங்கிலீஷில் ஒப்பிப்பார். இன்னொருவர் வயிற்றை அமுக்கிப் பார்ப்பார். மூன்றாமவரும் அதையே அமுக்குவார். "நம்மை வைத்துப் படிக்கிறார்கள்" என்று நம்மவர்கள் முணுமுணுப்பது உண்டு.

முணுமுணுப்பில் நியாயம் இருக்கிறது. நோயாளியின் பெயரைக்கூடக் கேட்காமல் "13-ம் நம்பர் பெட்" என்று பேசுகிற வழக்கம் நம் நாட்டு ஆஸ்பத்திரிகளில் இன்னும் முழுக்கப் போய்விடவில்லை. ஆனால் ராத்திரி 2 மணிக்குக் கூப்பிட்டால் ஒரு டாக்டர் ஓடி வருகிறாரே, அவரும் அங்கே பட்டமேற்படிப்பு படிக்கிற மாணவர்தான். கல்லூரி இல்லாவிட்டால் அவர் அங்கே இருக்கமாட்டார்.

ஆகவே பெரிய டாக்டர் எப்படிப்பட்டவர் என்பது ஒரு வார்டின் விவகாரம் மட்டும் அல்ல. அவர் கைகழுவிவிட்டுக் குழந்தையைத் தொட்டால், பின்னால் நிற்கும் பன்னிரண்டு பேரும் வாழ்நாள் முழுக்கக் கைகழுவுவார்கள். அவர் தாயை வெளியே விரட்டினால், அவர்களும் நாளைக்குத் தங்கள் ஊர் ஆஸ்பத்திரியில் விரட்டுவார்கள்.

கண்ணாடிக்கு வெளியே தாய்

1970-களிலும் 80-களிலும் நம் நாட்டுப் பெரிய ஆஸ்பத்திரிகளில் குறைமாதக் குழந்தை பிறந்தால் என்ன நடக்கும்? குழந்தையைத் தனி அறைக்கு எடுத்துப் போவார்கள். தாய் பிரசவ வார்டில் கிடப்பாள். நடக்க முடிந்தால் வந்து கண்ணாடிக்கு வெளியே நின்று பார்க்கலாம். உள்ளே அனுமதி இல்லை. தாய் வந்தால் கிருமி வரும் என்பது அப்போதைய எண்ணம்.

உண்மையில் கிருமி வேறு வழியில் வந்தது. உள்ளே குழந்தைகள் அதிகம், நர்சுகள் குறைவு. ஒரே நர்சு ஒரு குழந்தையைத் தொட்டுவிட்டு அடுத்த குழந்தையைத் தொடுவார். பவுடர் பாலைக் கலக்கி, பாட்டிலில் ஊற்றி, ஒவ்வொரு வாயிலாக வைப்பார். தண்ணீர் சுத்தம், பாட்டில் சுத்தம், ரப்பர் சுத்தம் மூன்றும் எல்லா வேளையும் சரியாக இருக்க வேண்டும். கூட்டம் நிறைந்த வார்டில் அது நடக்கிற காரியமா?

ஒன்றரைக் கிலோ குழந்தைக்குக் கிருமியை எதிர்க்கும் சக்தி மிகக் குறைவு. ரத்தத்தில் கிருமி ஏறினால் சில மணி நேரத்தில் கதை முடிந்துவிடும். உடம்பில் கொழுப்பு இல்லாததால் சூடும் தங்காது. பம்பாய் வெயிலில்கூட மின்விசிறிக் காற்றுப் பட்டு அத்தகைய குழந்தை குளிர்ந்து போகும். குளிர், கிருமி, பட்டினி என்று மூன்று எமன்கள் ஒரே தொட்டிலைச் சுற்றி நிற்பார்கள்.

டாக்டர் பெர்னாண்டஸ் பொறுப்பேற்ற பிரிவின் நிலையும் இதுவே. பணம் கொட்டினால் யந்திரம் வாங்கலாம். மாநகராட்சியிடம் அவ்வளவு பணம் இல்லை. நர்சுகளை இரண்டு மடங்காக்கலாம். அதற்கும் வழி இல்லை. அப்போதுதான் அவருடைய பார்வை கண்ணாடிக்கு வெளியே நின்றுகொண்டிருந்த ஆள் பலத்தின் மீது விழுந்தது. ஒவ்வொரு குழந்தைக்கும் ஒரு தாய் வெளியே சும்மா நிற்கிறாள். அவளுக்குச் சம்பளம் வேண்டாம். ஷிப்டு கிடையாது. ஒரு குழந்தையைத் தவிர வேறு குழந்தையைத் தொடமாட்டாள்.

தாயை உள்ளே விட்டார்கள். கைகழுவக் கற்றுக் கொடுத்தார்கள். குழந்தையைத் துடைப்பது, கதகதப்பாக வைத்துக்கொள்வது, பால் புகட்டுவது எல்லாம் அவளிடம் போயிற்று. நர்சு கற்றுக்கொடுத்து மேற்பார்வை பார்ப்பவராக மாறினார். இதற்குப் பெரிய படிப்பு வேண்டாம். எழுதப் படிக்கத் தெரியாத பெண்கள் இதை நன்றாகவே செய்தார்கள்.

மார்போடு மார்பாகக் குழந்தையை அணைத்து வைத்துச் சூடு கொடுக்கும் கங்காரு முறை தென்னமெரிக்காவில் கொலம்பியா நாட்டில், பொகோட்டா நகர ஆஸ்பத்திரியில் 1978-ல் தொடங்கியது. அங்கும் இதே காரணம்தான்: யந்திரம் போதவில்லை, கூட்டம் அதிகம். ஏழை நாடுகளின் நெருக்கடியில் பிறந்த அந்த முறையைப் பிற்பாடு பணக்கார நாடுகளும் எடுத்துக்கொண்டன.

பவுடர் பாலுக்குத் தடை

இரண்டாவது காரியம் இன்னும் கடினமானது. பாட்டிலும் பவுடர் பாலும் வார்டை விட்டு வெளியேறின.

இன்று இது சாதாரணமாகத் தோன்றலாம். அன்றைய நிலை வேறு. கொழுகொழு குழந்தை படம் போட்ட டப்பா அந்தஸ்தின் அடையாளமாக இருந்தது. பாக்டரியில் வேலை பார்க்கும் கணவன் சம்பளத் தேதியில் ஒரு டின் வாங்கி வந்தால் வீட்டுக்கே பெருமை. உலகம் முழுவதும் கம்பெனிகள் ஆஸ்பத்திரிகளுக்கு இலவச டின்களும் டாக்டர்களுக்கு அன்பளிப்புகளும் கொடுத்துவந்தன. 1981-ல் உலக சுகாதார சபை இதற்குக் கட்டுப்பாடு வகுத்தது. இந்தியாவில் சட்டம் வந்தது 1992-ல். அந்தச் சட்டப்படி குழந்தைப் பால் பவுடருக்கு விளம்பரம் செய்யக் கூடாது. டப்பாவில் குழந்தைப் படம் போடக் கூடாது. தாய்மார்களுக்கு இலவச சாம்பிள் கொடுக்கக் கூடாது. இப்போதும் டப்பாவை உற்றுப் பார்த்தால் குழந்தை படம் இருக்காது. காரணம் இதுதான்.

குறைமாதக் குழந்தைக்குத் தாய்ப்பால் வெறும் உணவு அல்ல, மருந்து. இதற்கு அசைக்க முடியாத சான்று 1990-ல் வெளிவந்தது. இங்கிலாந்தில் 926 குறைமாதக் குழந்தைகளைக் கவனித்துப் பார்த்தார்கள். குடல் அழுகிப்போகும் ஒரு கொடிய நோய் இந்தக் குழந்தைகளுக்கு வரும். தாய்ப்பால் மட்டும் குடித்தவர்களைவிடப் பவுடர் பால் மட்டும் குடித்தவர்களுக்கு அந்த நோய் 6 முதல் 10 மடங்கு அதிகமாக வந்திருந்தது. யந்திரமும் சுத்தமும் நிறைந்த இங்கிலாந்திலேயே இந்தக் கணக்கு என்றால், சயானில் என்ன ஆகும் என்று யோசித்துக்கொள்ளலாம்.

இங்கே நம் வீட்டுப் பழக்கம் ஒன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. நம் பக்கத்தில் குழந்தை பிறந்ததும் "சேனை வைப்பது" என்று ஒன்று உண்டு. குடும்பத்தில் நல்ல குணமுள்ள பெரியவர் ஒருவர் சீனித் தண்ணீரையோ தேனையோ விரலால் தொட்டு வாயில் வைப்பார். அவர் குணம் குழந்தைக்கு வரும் என்பது நம்பிக்கை. சில இடங்களில் கழுதைப்பால் வேறு. முதல் இரண்டு மூன்று நாள் சுரக்கும் மஞ்சளான சீம்பாலை "கெட்ட பால்" என்று பீய்ச்சிக் கீழே விடும் ஆச்சிமார்களும் இருந்தார்கள். ஆச்சிகளின் அன்பில் குறை இல்லை. ஆனால் கிருமியை எதிர்க்கும் சக்தி அந்தச் சீம்பாலில்தான் மிக அதிகம். பிறந்த குழந்தைக்கு முதல் தடுப்பூசி போன்றது அது. அதைக் கீழே ஊற்றிவிட்டுச் சீனித் தண்ணீர் கொடுப்பது, நல்ல அரிசியைக் கொட்டிவிட்டு உமியைப் பொங்குவது போல. தேனிலும் கழுதைப்பாலிலும் கிருமி இருக்கக்கூடும் என்பதால் டாக்டர்கள் இரண்டையும் வேண்டாம் என்கிறார்கள்.

பழசில் நல்லதும் உண்டு. சங்கு, பாலாடை நம் பாட்டிமார் கைப்பட்ட சாமான்கள். உறிஞ்சத் தெரியாத சிறு குழந்தைக்குப் பால் புகட்ட பாட்டிலைவிடப் பாலாடையே பாதுகாப்பு. கழுவுவது சுலபம், கிருமி தங்கும் ரப்பர் கிடையாது. இன்று வடநாட்டு ஆஸ்பத்திரிகளில்கூட இந்தி பேசும் நர்சுகள் அதை "பலாடை" என்றே சொல்கிறார்கள். இங்கிலீஷ் மருத்துவப் பத்திரிகைகளிலும் அந்தப் பெயர்தான்.

வங்கி பிறந்த கதை

பாட்டில் போயிற்று. அத்துடன் ஒரு புதிய சிக்கல் வந்தது. எல்லாத் தாய்க்கும் உடனே பால் வருமா?

வலிப்பு கண்டு மயக்கத்தில் கிடக்கும் தாய் இருக்கிறாள். ஆபரேஷன் முடிந்து கண் திறக்காதவள் இருக்கிறாள். ஏழாவது மாதத்திலேயே பிரசவம் ஆகி, பால் ஊற நாள் பிடிக்கும் தாய் இருக்கிறாள். தாயே இறந்துபோன குழந்தைகளும் உண்டு. இவர்களுக்கு என்ன கொடுப்பது? பவுடரைத் திரும்பக் கொண்டுவந்தால் பழைய கதைதான்.

அதே மாடியில் இன்னொரு பக்கம், குழந்தை குடித்தது போகப் பால் கட்டி, மார்பு வலித்து, பீய்ச்சிக் கீழே விடும் தாய்மார்களும் இருந்தார்கள். இங்கே மிச்சம், அங்கே பஞ்சம். நடுவில் ஒரு பாலம் வேண்டும்.

தாய்ப்பால் வங்கி உலகத்துக்குப் புதிதல்ல. ஆஸ்திரியாவின் வியன்னா நகரில் 1909-லேயே ஒன்று இருந்தது. ஆனால் 1980-களின் பிற்பகுதியில், புதிதாக இப்படி ஒரு வங்கி தொடங்கலாம் என்று யாருக்கும் துணிவு வராத நேரம். எய்ட்ஸ் கிருமி தாய்ப்பால் வழியாகவும் பரவும் என்று தெரியவந்து, மேல்நாடுகளில் இருந்த வங்கிகளையே ஒவ்வொன்றாக மூடிக்கொண்டிருந்தார்கள். இந்தியாவில் 1986-ல் சென்னையில் முதன்முதலாக அந்தக் கிருமி கண்டுபிடிக்கப்பட்டிருந்தது. அந்த அச்சம் நிறைந்த நேரத்தில்தான் சயானில் வங்கி திறந்தது!

அது முரட்டுத் துணிச்சல் அல்ல. பாலைக் கிருமி நீக்கம் செய்யும் முறை கையில் இருந்தது. இந்த வங்கிகள் வேலை செய்யும் விதத்தைத் தெரிந்துகொண்டால் பயம் தெளிந்துவிடும்.

பால் கொடுக்க முன்வரும் தாய் ஆரோக்கியமாக இருக்க வேண்டும். தன் குழந்தைக்குப் போக மிச்சம் இருக்க வேண்டும். முதல் உரிமை சொந்தக் குழந்தைக்குத்தான். எய்ட்ஸ், மஞ்சள் காமாலை, மேகநோய் ஆகியவற்றுக்கு ரத்தப் பரிசோதனை உண்டு. புகையிலை, மது பழக்கம் இருந்தால் எடுத்துக்கொள்ள மாட்டார்கள். சுத்தமாகக் கைகழுவி, கையாலோ பம்பினாலோ பாலை எடுத்து, கொதிக்கவைத்துச் சுத்தம் செய்த பாத்திரத்தில் சேர்ப்பார்கள். பல தாய்மார்களின் பாலை ஒன்றாகக் கலப்பார்கள். பிறகு 62.5 டிகிரி செல்சியஸ் சூட்டில் 30 நிமிடம் வைப்பார்கள். எய்ட்ஸ் கிருமி அந்தச் சூட்டில் அழிந்துவிடும். கொதிக்கவிட்டால் சத்தும் சேர்ந்து போய்விடும். அதனால்தான் இந்த நடுச் சூடு. உடனே குளிரவைத்து, ஒரு துளி எடுத்துக் கிருமி வளர்கிறதா என்று சோதனை. வளர்ந்தால் அந்தப் பால் முழுவதும் சாக்கடைக்கு. தேறிய பால் மைனஸ் 20 டிகிரியில் உறைந்து கிடக்கும். சில மாதம் வரை கெடாது.

ஒரு கிலோ எடையுள்ள குழந்தைக்கு முதல் நாட்களில் ஒரு வேளைக்கு வேண்டியது சில மில்லி பால்தான். ஒரு தாய் கீழே பீய்ச்சிவிடும் ஒரு டம்ளர் பால், முன்பின் தெரியாத ஒரு குழந்தைக்கு ஒரு நாளைக்குமேல் காணும்.

கலந்த பால் என்பதைக் கவனிக்க வேண்டும். தமிழ்த்தாய் பால், மராத்தித்தாய் பால், பீகாரித்தாய் பால் எல்லாம் ஒரே பாட்டிலில். யார் பாலை யார் குழந்தை குடித்தது என்று யாராலும் சொல்ல முடியாது. எச்சில் டம்ளருக்குக்கூடச் சாதி பார்த்த நாடு இது. அந்த நாட்டில், குடிசைப் பகுதியின் ஓரத்தில் நிற்கும் ஒரு மாநகராட்சி ஆஸ்பத்திரியில், இது சத்தமில்லாமல் நடந்து வருகிறது.

மாணவர்கள் வழியே பரவியது

ஒரு ஆஸ்பத்திரியில் ஒரு நல்ல டாக்டர் இருந்தால் அந்த வார்டு பிழைக்கும். அவர் ஓய்வு பெற்றதும் பழையபடி ஆகிவிடுவதும் உண்டு. இங்கே அப்படி ஆகவில்லை. டாக்டர் பெர்னாண்டஸுக்குப் பின் அந்தப் பிரிவையும் வங்கியையும் டாக்டர் ஜெயஸ்ரீ மோண்ட்கர் நடத்தினார். பிற்பாடு அவரும் அதே கல்லூரிக்கு டீன் ஆனார். சயானில் படித்துவிட்டு வேறு ஊர்களுக்குப் போனவர்கள், தாயை உள்ளே விடும் பழக்கத்தையும் கூடவே எடுத்துப் போனார்கள்.

அரசாங்கம் மெதுவாகத்தான் வந்தது. 2017-ல் மத்திய சுகாதார அமைச்சகம் தாய்ப்பால் வங்கிகளுக்கு நாடு முழுமைக்குமான விதிமுறைகளை வெளியிட்டது. சயானில் கதவு திறந்து 28 ஆண்டு கழித்து! இன்று தமிழ்நாடு, ராஜஸ்தான் என்று பல மாநிலங்களில் அரசு ஆஸ்பத்திரிகளிலேயே தாய்ப்பால் வங்கிகள் நடக்கின்றன.

சுவருக்கு வெளியே

வார்டுக்குள் எவ்வளவு செய்தாலும் வாசல் வழியாக வந்துகொண்டே இருப்பதை என்ன செய்வது? ரத்தம் இல்லாத பெண்கள். பதினேழு வயதில் பிள்ளை பெறுபவர்கள். ஒரு பிரசவ விடுதியில் இருந்து இன்னொன்றுக்கு, அங்கிருந்து மற்றொன்றுக்கு என்று அலைக்கழிந்து கடைசியில் சயானுக்கு வந்து சேர்பவர்கள். கணவன் அடித்த காயத்துடன் வந்து "வழுக்கி விழுந்தேன்" என்று சொல்பவர்கள்.

1999-ல் டாக்டர் பெர்னாண்டஸ், வேறு சிலருடன் சேர்ந்து "சினேகா" என்ற தொண்டு நிறுவனத்தைத் தொடங்கினார். (சென்னையில் தற்கொலைத் தடுப்புக்காக இயங்கும் அதே பெயருள்ள அமைப்பு வேறு.) தாராவி போன்ற குடிசைப் பகுதிகளில் தாய்-சேய் நலம், சத்துணவு, பெண்கள் மீதான வன்முறை ஆகியவற்றில் இந்த நிறுவனம் வேலை செய்கிறது. குழந்தை டாக்டருக்கும் குடும்பச் சண்டைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். கர்ப்பிணியின் வயிற்றில் விழும் உதையைப் பற்றிக் குழந்தை டாக்டர் கவலைப்படாமல் வேறு யார் கவலைப்படுவது?

எல்லாமே வெற்றி என்று சொன்னால் அது பொய்யாகிவிடும். நேபாளக் கிராமங்களில் பெண்களைக் குழுக்களாகக் கூட்டி, பிரசவத்தைப் பற்றிப் பேசிப் பேசியே பச்சிளங்குழந்தைச் சாவை 30 சதவீதம் குறைத்துக் காட்டியிருந்தார்கள். ஜார்க்கண்ட், ஒடிசா கிராமங்களிலும் அது பலித்தது. மும்பையில் 48 குடிசைப் பகுதிகளை எடுத்து, பாதி இடங்களில் அத்தகைய குழுக்களைச் சினேகா நடத்திப் பார்த்தது. சாவு எண்ணிக்கையில் சொல்லும்படியான மாற்றம் எதுவும் தெரியவில்லை. அதை மறைக்காமல் 2012-ல் மருத்துவப் பத்திரிகையில் அப்படியே எழுதினார்கள். எழுதியவர்கள் பட்டியலில் டாக்டர் பெர்னாண்டஸ் பெயரும் இருக்கிறது.

கிராமத்துக் குழுவில் எல்லோரும் உறவுக்காரர்கள். குடிசைப் பகுதியில் பக்கத்துக் கதவுக்காரர் யார் என்று தெரிவதற்குள் வாடகை ஏறி வீடு மாறிவிடுகிறது. பிரசவத்துக்குப் பாதிப்பேர் ஊருக்கு ரெயில் ஏறிவிடுகிறார்கள். இதெல்லாம் தாராவியில் குடியிருக்கும் எந்தத் தமிழருக்கும் தெரிந்த விஷயம்தான். தோல்வியை அச்சில் ஏற்றிய அந்த நேர்மை, வெற்றிச் செய்திகளைவிட மாணவர்களுக்கு நல்ல பாடம்.

மாநகராட்சியுடன் சேர்ந்து செய்த இன்னொரு வேலை பலன் தந்தது. சிக்கலான பிரசவத்தை எந்த விடுதியில் இருந்து எந்த ஆஸ்பத்திரிக்கு, எந்தக் கட்டத்தில் அனுப்ப வேண்டும் என்று முறை வகுத்தார்கள். வெளியே தெரியாத வேலை. நள்ளிரவில் டாக்சியில் சுற்றுபவர்களுக்குத்தான் அதன் அருமை தெரியும்.

பிள்ளை பிறக்கும் வாசலில் ஆயுளைக் கழித்த டாக்டர், பிற்காலத்தில் மறு வாசலுக்கும் போனார். அவருடைய மகள் ரோமிலா புற்றுநோயால் இறந்துபோனார். மகளின் பெயரிலேயே பாந்திராவில் 2017-ல் ஒரு மையம் தொடங்கப்பட்டது. குணப்படுத்த முடியாத நோயில் கிடப்பவர்களுக்கு வலி தணிக்கும் சிகிச்சையும், குடும்பத்தாருக்கு ஆறுதலும் அங்கே கிடைக்கின்றன.

நம்மவர்கள் கவனிக்க

2019-21-ல் எடுத்த தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்பில் வேடிக்கையான ஒரு செய்தி இருக்கிறது. நாட்டில் 100 பிரசவங்களில் சுமார் 89 ஆஸ்பத்திரிகளில் நடக்கின்றன. ஆனால் பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் கிடைக்கும் குழந்தைகள் 100-க்கு 42 பேர்தான். அதாவது, டாக்டரும் நர்சும் பக்கத்தில் இருந்தும் பாதிக்கு மேற்பட்ட குழந்தைகளுக்கு அந்த முதல் மணி நேரம் வீணாகிறது. ஆபரேஷன் பிரசவம், ஆள் பற்றாக்குறை, பழைய பழக்கம் எல்லாம் காரணம். "சிஸ்டர், குழந்தையைத் தாயிடம் கொடுங்கள்" என்று வாய்விட்டுக் கேட்க உறவினர்கள் பயப்படுவதும் ஒரு காரணம். கேட்பதில் தவறே இல்லை.

பிள்ளை குறைமாதத்தில் பிறந்து தாய்க்குப் பால் வராவிட்டால், டின் வாங்க ஓடுவதற்கு முன்னால் ஆஸ்பத்திரியில் தாய்ப்பால் வங்கி உண்டா என்று விசாரிக்க வேண்டும். பால் மிச்சமுள்ள தாய் கொடுக்க விரும்பினால் வார்டு நர்சிடம் சொன்னால் போதும். சோதனைகளை அவர்களே செய்வார்கள். கொடுப்பவருக்குப் பணம் கிடையாது. தாய்ப்பாலை விலைக்கு விற்கவும் கூடாது. சில கம்பெனிகள் அதை வியாபாரமாக்கப் பார்த்ததால், 2024 மே மாதத்தில் இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம் கண்டிப்பாக எச்சரித்தது. பக்கத்து வீட்டுத் தாயிடம் சோதனை இல்லாமல் நேரடியாக வாங்கிக் கொடுப்பதும் ஆபத்து.

குழந்தை இருக்கும் பிரிவுக்குள் தாய் போகலாமா என்று கேட்டு, "போகக் கூடாது" என்று யாராவது சொன்னால், சயானில் பல ஆண்டுகளாகத் தாய்மார்களை உள்ளே விடுகிறார்களே என்று தாராளமாகச் சொல்லலாம்.